பழைய கட்டட வாசலில் சக்கர நாற்காலி லிஃப்ட் நின்றுபோனால்: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

பழைய பொதுக் கட்டடங்களின் வாசலில் நாலைந்து படிகள் கட்டாயம் இருக்கும். மழைத் தண்ணீரும் ஈரமும் உள்ளே வராமலிருக்க அந்தக் காலத்தில் பீடத்தை உயர்த்திக் கட்டினார்கள். மொத்தம் 60 சென்டிமீட்டர் உயரம்தான். ஆனால் 1:12 சரிவில் சாய்தளம் போட வேண்டுமென்றால் 7.2 மீட்டர் நீளம் தேவை, திரும்பும் இடம் தனி. தூண் வரிசைக்கு முன்னால் அவ்வளவு இடம் எங்கே இருக்கிறது? அதனால்தான் பல இடங்களில் படியோரமாக, அல்லது படிக்குள்ளேயே ஒளிந்திருக்கும்படி, ஒரு சின்ன லிஃப்ட் வைத்திருக்கிறார்கள். சும்மா இருக்கும்போது தரையோடு தரையாகக் கிடக்கும். மேலே சுற்றிலும் உள்ள அதே கல் பதித்திருக்கும். கூர்ந்து பார்த்தால்தான் ஒரு மெல்லிய இடைவெளிக் கோடு தெரியும்.

சென்னையிலும் கடலோர ஊர்களிலும் இந்த வகை லிஃப்ட்டுகளைப் பழுது பார்ப்பது என் வேலை. திரும்பத் திரும்ப வருவது அதே ஏழெட்டுப் பழுதுகள்தான். அவற்றில் பெரும்பாலானவற்றைப் போனிலேயே கேள்வி கேட்டுச் சரிசெய்துவிட முடிகிறது. அந்தக் கேள்விகளைத்தான் இங்கே எழுதுகிறேன். கட்டடத்தைப் பார்த்துக்கொள்பவர், அங்கேயே இருக்கும் எலக்ட்ரீஷியன், வாட்ச்மேன் எல்லோருக்கும் இது பயன்படும்.

முதலில் உங்களுடையது எந்த வகை என்று தெரிந்துகொள்ளுங்கள். நாற்காலி ஏறி நிற்கும் மேடைக்கு அடியில் கத்தரிக்கோல் போல மடியும் கால்களும், பக்கத்தில் ஆயில் டேங்கோடு ஒரு பெட்டியும் இருந்தால் அது ஹைட்ராலிக், அதாவது ஆயில் அழுத்தத்தால் ஏறும் வகை. அந்தப் பெட்டியைத்தான் பவர் பேக் என்பார்கள். பக்கத்துத் தூணுக்குள் நீளமான திருகுத் தண்டு இருந்தால் அது ஸ்குரூ வகை. பெரும்பாலும் 24 வோல்ட் பேட்டரியில் ஓடும். பட்டனை அழுத்தியதும் படிகளே பின்னால் நகர்ந்து ஒளிந்துகொண்டு, அந்த இடத்தில் மேடை வெளியே வந்தால் அது படி உள்ளிழுக்கும் வகை.

## தொடங்கும் முன்

மேடையில் ஆள் இருக்கிறாரா? அப்படியென்றால் மற்றதெல்லாம் அப்புறம். கீழே "ஆள் இருக்கும்போது நடுவில் நின்றுவிட்டது" என்ற பகுதிக்கு நேராகப் போங்கள்.

மேடை உயர்ந்து நிற்கும்போது அதன் அடியில் கையையோ தலையையோ நுழைக்காதீர்கள். கீழே என்னவோ கிடக்கிறது என்றால் நீளமான குச்சியால் தள்ளுங்கள். முட்டுக் கொடுக்காமல் அடியில் போவது மெக்கானிக்குக்கே கூடாத வேலை.

மூன்றாவது, எந்தப் பாதுகாப்பு சுவிட்ச்சையும் ஒயர் சுற்றி நேரடியாக இணைக்காதீர்கள். ஒரு பழைய அலுவலகத்தில் கதவு பூட்டு சுவிட்ச் அடிக்கடி தகராறு செய்கிறது என்று யாரோ அதன் இரண்டு முனைகளையும் செம்புக் கம்பியால் முறுக்கி வைத்திருந்தார்கள். நான் போனபோது கதவு திறந்திருக்கும்போதே மேடை ஏறியது. சக்கர நாற்காலியின் முன்சக்கரம் மேடை விளிம்பிலிருந்து நாலு விரல் தள்ளி நின்றது. அந்த நாலு விரலை இன்னும் நான் மறக்கவில்லை.

## பட்டனை அழுத்தினால் ஒன்றுமே நடக்கவில்லை

### விளக்கும் எரியவில்லை

சாவியைப் பாருங்கள். இந்த லிஃப்ட்டுகளில் பெரும்பாலானவற்றுக்கு ஒரு சாவி சுவிட்ச் உண்டு. குழந்தைகள் விளையாடக் கூடாது என்பதற்காக அதை ஆஃப் செய்து, சாவியை மேஜை இழுப்பறையில் வைத்துவிடுவார்கள். எனக்கு வரும் "லிஃப்ட் கெட்டுப்போச்சு" போன்களில் மிக அதிகமானவை இதுதான்.

ஒருமுறை நான் போய்ச் சேர்ந்தபோது பெரியவர் ஒருவர் கீழே, வெயில் படாத தூணோரமாக, சக்கர நாற்காலியில் காத்திருந்தார். ஓய்வூதியத்துக்கான உயிர்வாழ் சான்று கொடுக்க வந்தவர். வாட்ச்மேன் என்னிடம், "சாவி சார்கிட்ட இருக்கு தம்பி, சார் இன்னிக்கு லீவு" என்றார். அதிகாரி ஒருவர் கீழே இறங்கி வந்து கையெழுத்தை வாங்கிக்கொண்டு போயிருந்தார். பெரியவர் சொன்னார்: "வேலை முடிஞ்சிடுச்சு தம்பி. ஆனா நான் முப்பது வருசம் உள்ளே உட்கார்ந்து வேலை பார்த்த இடம். உள்ளே போய்ப் போடணும்னுதான் வந்தேன்."

அன்றிலிருந்து சர்வீஸுக்குப் போகும் எல்லா இடத்திலும் இரண்டாவது சாவி ஒன்று போடச் சொல்லி, அதை வாசல் வாட்ச்மேனிடமே கொடுக்க வைக்கிறேன். அலுவலக நேரத்தில் சாவி சுவிட்ச் ஆனிலேயே இருப்பது இன்னும் நல்லது. பட்டனை அழுத்திக்கொண்டே இருந்தால்தான் ஓடும் லிஃப்ட் இது. அதற்கும் மேலே பூட்டு எதற்கு?

சாவி சரி என்றால் அடுத்து இந்த வரிசையில் பாருங்கள்:

- மெயின் சுவிட்ச்சும் எம்.சி.பி.யும் (மின்சாரம் மிகுந்தால் தானாக அணையும் சுவிட்ச்). பழைய கட்டடங்களில் லிஃப்ட்டின் எம்.சி.பி. வாசலில் இருக்காது, பின்பக்கம் எங்காவது ஒரு போர்டில் பேர் எழுதாமல் இருக்கும். ராத்திரி எல்லாவற்றையும் அணைக்கும்போது இதையும் சேர்த்து அணைத்துவிடுவார்கள். கண்டுபிடித்து ஸ்டிக்கர் ஒட்டுங்கள்.
- ஆர்.சி.சி.பி. (மின்கசிவு இருந்தால் தானாக அணையும் சுவிட்ச்) விழுந்திருந்தால் ஒருமுறை மட்டும் தூக்கிப் பாருங்கள். உடனே திரும்ப விழுந்தால் எங்கோ மின்கசிவு இருக்கிறது. மறுபடி முயலாதீர்கள். கீழே "மழைக்குப் பிறகு ஓடவில்லை" என்ற பகுதியைப் பாருங்கள்.
- பேட்டரி வகையானால் சார்ஜரில் விளக்கு எரிகிறதா? அந்தப் பிளக்கைப் பிடுங்கிவிட்டு யாராவது போன் சார்ஜ் போட்டிருக்கலாம். மல்ட்டிமீட்டர் இருந்தால் இரண்டு பேட்டரியும் சேர்ந்த முனையில் அளந்து பாருங்கள். சும்மா இருக்கும்போது 25.4 வோல்ட் அல்லது அதற்கு மேல் இருந்தால் முழு சார்ஜ். 24க்குக் கீழே என்றால் வற்றிவிட்டது. பட்டனை அழுத்தும்போது 21க்குக் கீழே விழுந்தால் பேட்டரி முடிந்தது. மாற்றும்போது இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். பழையது ஒன்று, புதியது ஒன்று என்று போட்டால் புதியதும் சீக்கிரம் போய்விடும்.
- கன்ட்ரோல் பெட்டிக்குள் ஃபியூஸ். மெயினை அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியன் பார்க்கலாம். அதே ஆம்பியரில் மாற்றிய பிறகும் போனால் நிறுத்திவிட்டுக் கூப்பிடுங்கள்.

### விளக்கு எரிகிறது, ஆனால் மேடை அசையவில்லை

சிவப்பு அவசர நிறுத்தப் பட்டன் அழுந்தியபடியே இருக்கிறதா? அதைச் சுற்றித் திருகினால் வெளியே வரும். மேடையில் ஒன்று, கீழே ஒன்று, சில இடங்களில் மேலே இன்னொன்று இருக்கும். எல்லாவற்றையும் பாருங்கள். கூட்டம் நடக்கும் நாளில் யாராவது சாய்ந்து நின்றாலே அழுந்திவிடும்.

அது சரியென்றால் கதவு. மேல் கதவு, கீழ் கதவு இரண்டும் முழுதாகச் சாத்திப் பூட்டு நாக்கு உள்ளே விழுந்தால்தான் லிஃப்ட் நகரும். "சாத்தித்தான் சார் இருக்கு" என்பார்கள். கையால் அழுத்தமாகத் தள்ளிப் பார்த்தால் ஒரு "கிளிக்" கேட்கும், அப்புறம் ஓடும். அப்படியானால் என்ன தடுக்கிறது என்று பாருங்கள்:

கீழ்க் கதவுக்கு அடியில் தென்னைநார் மிதியடி. இது மிகச் சாதாரணம். யாரோ நல்லெண்ணத்தில் போட்டிருப்பார்கள். கதவின் அடி அதில் உரசி, கடைசி அரை அங்குலம் சாத்தாது. எடுத்துவிடுங்கள்.

கீல் தொங்கிப்போனது. கதவின் மேல் இடைவெளி ஒருபக்கம் அதிகமாகத் தெரியும். கீல் திருகை இறுக்கினால் சரியாகும். ஆனால் கதவுத் தூண் நிற்கும் கல்லே இறங்கியிருந்தால் திருகை இறுக்கிப் பயனில்லை. அதைக் கீழே "மேல்தளத்தோடு சமமாக நிற்கவில்லை" என்ற பகுதியில் சொல்கிறேன்.

பூட்டு நாக்கில் துரு, உப்பு. கடற்கரைக்குப் பக்கத்தில் இருக்கும் கட்டடமென்றால் ஆறு மாதத்தில் வெள்ளைப் பொடி படியும். துணியால் துடைத்து, கான்டாக்ட் கிளீனர் அடியுங்கள். தேங்காய் எண்ணெய் விட வேண்டாம். தூசி ஒட்டிப் பசையாகிவிடும்.

இதெல்லாம் சரியாக இருந்தும் ஓடவில்லை என்றால் பூட்டுக்குள் இருக்கும் சிறு சுவிட்ச் தேய்ந்திருக்கலாம். அந்த இடத்தில் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். பெரிய செலவு இல்லை, ஆனால் சரியான பாகம் வேண்டும்.

### ஆயுத பூஜைக்கு மறுநாள்

வருடா வருடம் தவறாமல் இந்தப் போன் வரும். அக்கறையோடு லிஃப்ட்டுக்கும் பூஜை போட்டிருப்பார்கள். அதில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் சந்தனமும் குங்குமமும் சென்சார் கண்ணின் மேல் வைத்திருப்பார்கள். மேடையின் விளிம்பில் பொத்தான் அளவுக்குக் கருப்பாகப் பளபளக்கும் அந்தக் கண் மறைந்தால், ஆள் நடுவில் நிற்பதாக லிஃப்ட் நினைத்துக்கொள்ளும். ஈரத் துணியால் துடைத்துக் காயவிடுங்கள். பொட்டைக் கதவுச் சட்டத்தில் வைக்கலாம். எலுமிச்சம்பழத்தை மேடைக்கு அடியில் வைக்க வேண்டாம். அது அடுத்த பழுதுக்கு வழி.

## மேலே போகிறது, கீழே இறங்க மறுக்கிறது

இந்த அறிகுறி வந்தால் பெரும்பாலும் நல்ல செய்தி. மேடைக்கு அடியில் ஒரு தகடு தொங்கும். இறங்கும்போது கீழே எதன் மேலாவது பட்டால், அந்தத் தகடு மேலே தள்ளப்பட்டு லிஃப்ட் நின்றுவிடும். ஏறுவதை அது தடுக்காது. ஆக, அடியில் ஏதோ இருக்கிறது.

மேடையை முழுதாக மேலே ஏற்றி நிறுத்துங்கள். மெயினை அணையுங்கள். சற்றுத் தள்ளி உட்கார்ந்து டார்ச் அடித்துப் பாருங்கள். துடைப்பம், செருப்பு, தண்ணீர் பாட்டில், அந்த எலுமிச்சம்பழம், காய்ந்த வேப்பிலைக் குவியல் என்று நான் எல்லாம் எடுத்திருக்கிறேன். ஒருமுறை பூனை குட்டி போட்டிருந்தது. பாதுகாப்புத் தகடு வேலை செய்ததால் மூன்று குட்டிகளும் பிழைத்தன. குச்சியால் பொருளை வெளியே எடுத்துவிட்டு மறுபடி ஓட்டிப் பாருங்கள்.

அடியில் எதுவும் இல்லையா? தகட்டின் நாலு மூலையும் ஒரே மட்டத்தில் தொங்குகிறதா என்று பாருங்கள். ஒரு மூலை மட்டும் மேலே மாட்டிக்கொண்டிருந்தால் குச்சி நுனியால் மெதுவாகத் தட்டினால் விழும். மீண்டும் மீண்டும் மாட்டினால் அதன் ஸ்பிரிங்கில் துரு ஏறியிருக்கிறது. அதற்கு மெக்கானிக் வேண்டும்.

ஹைட்ராலிக் வகையில் இன்னொரு காரணம் உண்டு. இறங்குவதற்கு மோட்டார் தேவையில்லை. சோலனாய்டு வால்வு, அதாவது மின்காந்தத்தால் திறக்கும் ஒரு வால்வு, திறந்தால் மேடை தன் எடையில் இறங்கும். இறங்கும் பட்டனை அழுத்தும்போது பவர் பேக் பெட்டியில் "டக்" என்று ஒரு சின்னச் சத்தம் கேட்க வேண்டும். கேட்கவில்லை என்றால் அந்த வால்வின் காயிலுக்கு (கம்பிச்சுருளுக்கு) மின்சாரம் போகவில்லை அல்லது காயில் எரிந்துவிட்டது. மெயினை அணைத்து, காயில் மேல் உள்ள பிளக் தளர்ந்திருக்கிறதா என்று மட்டும் எலக்ட்ரீஷியன் பார்க்கலாம். எலி கடித்த ஒயரும் இங்கேதான் அடிக்கடி கிடைக்கும். சத்தம் கேட்டும் இறங்கவில்லை என்றால் வால்வுக்குள் அழுக்கு. அதை நீங்கள் பிரிக்கவே கூடாது, உள்ளே அழுத்தத்தில் ஆயில் நிற்கிறது.

## கீழே இறங்குகிறது, மேலே ஏறவில்லை

மோட்டார் சத்தமே இல்லை. மேடை மேலே வந்ததும் மோட்டாரை நிறுத்தும் லிமிட் சுவிட்ச் மாட்டிக்கொண்டு, "ஏற்கெனவே மேலே வந்துவிட்டேன்" என்று சொல்லிக்கொண்டிருக்கலாம். அல்லது மோட்டாருக்கு மின்சாரத்தை இணைக்கும் கான்டாக்டர் என்ற சுவிட்ச் இழுக்கவில்லை. கான்டாக்டருக்குள் பல்லி மாட்டிச் செத்துக்கிடப்பதையும் எறும்பு கூடு கட்டியிருப்பதையும் பலமுறை பார்த்திருக்கிறேன். பெட்டிக்குள் கேபிள் நுழையும் ஓட்டைகளை அடைத்துவிட்டால் இந்தத் தொல்லை பாதி குறையும்.

மோட்டார் உறுமுகிறது, சுற்றவில்லை. உடனே விரலை எடுங்கள். மின்னழுத்தத்தைப் பாருங்கள். 230 வோல்ட்டுக்குப் பதில் 180 வந்தால் சிங்கிள் ஃபேஸ் மோட்டார் கிளம்பாமல் நிற்கலாம். பழைய கட்டடத்தில் வாசல்வரை நீளமான மெல்லிய ஒயர் இழுத்திருப்பார்கள், ஏ.சி.கள் ஓடும் மதிய நேரத்தில் மட்டும் இந்தப் பழுது வரும். காலையில் ஓடி மதியம் ஓடாத லிஃப்ட் என்றால் முதலில் ஒயரைச் சந்தேகப்படுங்கள், மோட்டாரை அல்ல. வோல்ட்டேஜ் சரியாக இருந்தால் மோட்டாரைக் கிளப்பிவிடும் கெப்பாசிட்டர் போயிருக்கும். எலக்ட்ரீஷியன் மாற்றிவிடலாம், விலையும் குறைவு.

மோட்டார் சுற்றுகிறது, மேடை ஏறவில்லை. ஆயில் அளவைப் பாருங்கள். மேடை கீழே இருக்கும்போதுதான் பார்க்க வேண்டும். குறைந்திருந்தால் பெட்டியில் ஒட்டியுள்ள தகட்டில் எழுதியிருக்கும் அதே வகை ஆயிலை ஊற்றுங்கள். கார் இன்ஜின் ஆயில் ஊற்றக் கூடாது. ஆனால் ஆயில் தானாகக் குறையாது. எங்கே போனது என்று தெரியாமல் ஊற்றிவிட்டுப் போனால் அடுத்த மாதமும் அதே கதைதான். ஹோஸ், நட்டு இணைப்பு, சிலிண்டர் வாய் மூன்றிலும் ஒரு வெள்ளைக் காகிதத்தை ஒற்றிப் பாருங்கள், கறை எங்கே படிகிறது என்று தெரிந்துவிடும். ஒழுக்கு கண்டால் கூப்பிடுங்கள். ஸ்குரூ வகையில் மோட்டார் சுற்றியும் மேடை ஏறவில்லை என்றால் வேறு எதையும் பார்க்க வேண்டாம். மெயினை அணைத்துவிட்டு உடனே கூப்பிடுங்கள். தண்டின் அடியில் பொன்னிறத் தூள் கொட்டிக்கிடந்தால், தண்டில் ஏறி இறங்கி மேடையைத் தாங்கும் நட் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம்.

ஆளில்லாமல் ஏறுகிறது, ஆளோடு ஏறவில்லை. தகட்டில் எழுதியிருக்கும் எடைக்கு மேல் போகிறதா? பேட்டரியில் ஓடும் சக்கர நாற்காலி மட்டுமே 100 கிலோவுக்கு மேல் வரும். உட்கார்ந்திருப்பவர், துணைக்கு ஏறிய இரண்டு பேர் என்று சேர்த்தால் 300 தாண்டிவிடும். துணைக்கு வந்தவர்கள் படியில் ஏறட்டும்.

இதில் எல்லோரும் தவறவிடும் ஒன்று இருக்கிறது. ஓர் இடத்தில் லிஃப்ட் திடீரென்று யாரையுமே தூக்கவில்லை. பம்ப் மாற்ற வேண்டும் என்று எழுதியே கொடுத்திருந்தார்கள். நான் போய் மேடையைத் தட்டிப் பார்த்தபோது சத்தம் கனமாக வந்தது. வாசலைப் புதுப்பித்தபோது, மேடையும் பளிச்சென்று இருக்கட்டும் என்று பழைய கல்லின் மேலேயே 20 மி.மீ. கிரானைட் இன்னொரு அடுக்கு ஒட்டியிருந்தார்கள். கிரானைட் 20 மி.மீ. கனத்தில் ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 54 கிலோ. 1.1 மீட்டருக்கு 1.4 மீட்டர் மேடை என்றால் 83 கிலோ. அதாவது, எப்போதும் ஓர் ஆள் ஏறியே நிற்கிற மாதிரி. கல்லை எடுத்ததும் பழையபடி ஓடியது. பம்ப்பைத் தொடவே இல்லை. மேடையின் மேல் எதைப் பதிப்பதென்றாலும் லிஃப்ட் கம்பெனியைக் கேட்டுவிட்டுப் பதியுங்கள்.

## ஆள் இருக்கும்போது நடுவில் நின்றுவிட்டது

முதலில் அவரிடம் பேசுங்கள். பக்கத்தில் போய், முகத்துக்கு நேராக நின்று, என்ன நடந்தது, என்ன செய்யப் போகிறீர்கள் என்று சொல்லுங்கள். கூட்டம் கூடி ஆளாளுக்குக் கத்துவதுதான் அவரை மிகவும் பயமுறுத்தும். சக்கர நாற்காலியின் பிரேக்கைப் போடச் சொல்லுங்கள். பேட்டரி நாற்காலி என்றால் அணைக்கச் சொல்லுங்கள்.

நாற்காலியோடு நாலு பேர் தூக்கிக் கீழே இறக்க முயல வேண்டாம். பேட்டரி நாற்காலியின் கனத்துக்கு உங்கள் முதுகும் தாங்காது, பிடித்துத் தூக்கும் கைப்பிடியும் கழன்று வரும்.

அடுத்து, நிதானமாக:

1. அவசர நிறுத்தப் பட்டனைத் திருகி விடுவித்துப் பாருங்கள். நாற்காலியின் கைப்பிடியே அதை அழுத்தியிருக்கலாம்.
2. இரண்டு கதவுகளையும் அழுத்திச் சாத்துங்கள்.
3. கால்மிதி, சேலை முந்தானை, பை எதுவும் விளிம்புக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறதா? உள்ளே எடுக்கச் சொல்லுங்கள்.
4. இறங்கும் பட்டனை அழுத்திப் பாருங்கள். கரன்ட் போயிருந்தாலும் பல லிஃப்ட்டுகள் பேட்டரியில் கீழே இறங்கும்.
5. இறங்கவில்லையென்றால் மெயினை அணைத்துவிட்டுக் கையால் இறக்குங்கள். ஹைட்ராலிக் பெட்டியில் சிவப்பு நிறத்தில் சின்னக் குமிழோ நெம்புகோலோ இருக்கும். ஒருவர் அதைப் பிடிக்க, இன்னொருவர் மேடைப் பக்கம் நின்று அடியில் யாருமில்லை என்று பார்த்துச் சொல்ல, மெதுவாகத் திறவுங்கள். கையை எடுத்தால் நின்றுவிடும். ஸ்குரூ வகையில் கைப்பிடியை மாட்டிச் சுற்ற வேண்டும். நிறையச் சுற்று ஆகும், அவசரப்பட வேண்டாம்.

கையால் திறந்தும் இறங்கவில்லை, அல்லது மேடை ஒருபக்கம் சாய்ந்திருக்கிறது என்றால் அத்தோடு நிறுத்துங்கள். லிஃப்ட் கம்பெனிக்கும் 112க்கும் சொல்லுங்கள். அவர் தனியாக இருக்காதபடி ஒருவர் கூடவே நிற்க வேண்டும்.

ஐந்தாவதாகச் சொன்ன, கையால் இறக்கும் வேலையை ஆபத்து நேரத்தில் முதல்முறையாகச் செய்து பார்க்கக் கூடாது. மாதம் ஒருமுறை, காலி மேடையோடு, வாசலில் பணியில் இருப்பவர் கையாலேயே செய்து பழகட்டும். பெட்டியின் சாவி எங்கே என்பதும் அப்போதுதான் தெரியவரும்.

## விரலை எடுத்தால் நின்றுவிடுகிறது

இது பழுது இல்லை. அழுத்திப் பிடித்திருக்கும்வரை மட்டுமே ஓடும்படி வேண்டுமென்றே செய்திருக்கிறார்கள். வேகமும் குறைவுதான், நொடிக்கு 15 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது என்பது இந்த வகைக்கான விதி. ஆனால் கையில் பலம் குறைந்தவர்களுக்கு அழுத்திப் பிடிப்பது கஷ்டம். பட்டன் விறைப்பாக இருந்தால் பெரிய, மிருதுவான பட்டன் மாற்றித் தரச் சொல்லி உரிமையோடு கேளுங்கள்.

## மேல்தளத்தோடு சமமாக நிற்கவில்லை

கண்ணுக்கு ஒன்றுமே இல்லாத உயரம் முன்சக்கரத்துக்குப் பெரிய தடை. 15 மி.மீ. பள்ளம் இருந்தாலே சின்ன முன்சக்கரம் முட்டி, உட்கார்ந்திருப்பவர் முன்னால் சாய்வார்.

வந்து நிற்கும்போதே தாழ்வாக நிற்கிறது. லிமிட் சுவிட்ச் நகர்ந்திருக்கலாம். அதைவிட அதிகமாக நான் பார்ப்பது, மேல் விளிம்பில் மணலும் இலையும் அடைத்துக்கொண்டு சுவிட்ச்சை முன்கூட்டியே தொடுவது. பெயின்ட் பிரஷ்ஷால் இடைவெளியைச் சுத்தம் செய்யுங்கள். சுவிட்ச்சை நகர்த்துவது மெக்கானிக் வேலை.

சரியாக வந்து நிற்கிறது, ஆனால் போகப்போக இறங்குகிறது. ஒரு சோதனை செய்யுங்கள். காலி மேடையை மேலே நிறுத்தி, மெயினை அணைத்து, கதவுகளைச் சாத்தி, மேடை விளிம்புக்கு நேராகச் சுவரில் காகித டேப் ஒட்டுங்கள். சுவர்மேல் பேனாவால் கோடு போடாதீர்கள், சுண்ணாம்புப் பூச்சில் அது போகாது. அரை மணி கழித்துப் பாருங்கள். இரண்டு மூன்று மி.மீ. என்றால் சூடான ஆயில் ஆறிச் சுருங்கியது, விட்டுவிடலாம். 10 மி.மீ.க்கு மேல் என்றால் வால்வு கசிகிறது அல்லது சிலிண்டர் சீல் (ஆயில் கசியாமல் தடுக்கும் வளையம்) போய்விட்டது. வால்வு சுத்தம் செய்தாலே பலமுறை சரியாகிவிடும். சீல் என்றால் மேடையையே தூக்க வேண்டியிருக்கும். முதலில் வால்வைப் பார்க்கச் சொல்லுங்கள்.

மேடை மட்டமாக இருக்கிறது, கட்டடம்தான் மட்டமாக இல்லை. பழைய கட்டடத்தில் இதையும் எதிர்பார்க்க வேண்டும். மேல்படிக் கல் ஒரு மூலையில் இறங்கியிருக்கலாம், அல்லது கதவுத் தூணின் போல்ட் பழைய செங்கல்லிலிருந்து பிடுங்கிக்கொண்டு வரலாம். சுண்ணாம்புக் காரையில் கட்டிய செங்கல் சுவர் எக்ஸ்பான்ஷன் போல்ட்டைத் தாங்காது. இறுக்க இறுக்கச் செங்கல் உடையும். போல்ட்டைச் சுற்றி முடி போன்ற விரிசலோ, செம்மண் போல உதிரும் தூளோ தெரிந்தால் லிஃப்ட் மெக்கானிக் போதாது. பழைய கட்டடம் தெரிந்த பொறியாளரையும் சேர்த்துக் கூப்பிடுங்கள். ஓட்டையில் சிமென்ட்டை அடைத்து மறுபடி போல்ட் போட யாரையும் விடாதீர்கள். சிமென்ட் ஈரத்தை உள்ளேயே பிடித்துவைத்துச் சுற்றியுள்ள செங்கல்லையும் தின்றுவிடும். லிஃப்ட் தன் சொந்த அடித்தளத்தில், சுவரைத் தொடாமல் நிற்பதுதான் நிரந்தர வழி.

## படி உள்ளே போகாமல் பாதியில் நிற்கிறது

படி உள்ளிழுக்கும் வகையில் மட்டும் வரும் பழுது இது. படிக்கும் தண்டவாளத்துக்கும் நடுவில் மணல் போயிருக்கும். வாக்குவம் கிளீனரால் உறிஞ்சி எடுங்கள். தண்ணீர் அடித்துக் கழுவினால் மணல் இன்னும் உள்ளே போய்விடும். வாசல் கழுவும் அம்மாவிடம் இதைச் சொல்லிவைத்தாலே வருடத்துக்கு ஒரு பழுது மிச்சம். பினாயில் தண்ணீரைப் படிக்கோட்டுக்கு வெளியே தள்ளட்டும், உள்ளே அல்ல.

மணல் இல்லையென்றால் படியின் மேல் ஏதாவது எடை இருக்கிறதா என்று பாருங்கள். பூந்தொட்டி, வரவேற்புப் பலகை, யாரோ உட்கார்ந்திருப்பது. அதுவுமில்லையென்றால் படியின் மேல் பதித்த கல் பெயர்ந்து பக்கத்தில் உரசுகிறது. உரசிய இடத்தில் வெள்ளைக் கீறல் தெரியும். கையால் தள்ளி உள்ளே நுழைக்க வேண்டாம். பல் சக்கரம் தாண்டிவிட்டால் அப்புறம் பெரிய செலவு.

## மழைக்குப் பிறகு ஓடவில்லை

அக்டோபர் முதல் டிசம்பர் வரை என் போன் ஓயாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்த வாரம் நான் பார்த்த மேடைக் குழிகளில் முழங்கால் ஆழத்துக்குத் தண்ணீர்.

குழியில் தண்ணீர் நிற்கும்போது சுவிட்ச் போட்டுப் பார்க்காதீர்கள். மெயினை அணையுங்கள், கைகளும் தரையும் காய்ந்திருக்கட்டும். தண்ணீரை இறையுங்கள். வடிகால் ஓட்டையில் இலை அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு நாள் காயவிடுங்கள், ஃபேன் வைக்கலாம்.

காய்ந்த பிறகு ஆர்.சி.சி.பி. விழாமல் நின்றால் ஓட்டிப் பார்க்கலாம். விழுந்தால் கேபிள் பெட்டிக்குள் இன்னும் ஈரம். ஆயில் பால் கலந்த காபி போலத் தெரிந்தால் தண்ணீர் கலந்துவிட்டது, ஒருமுறைகூட ஓட்டாமல் முழுதும் மாற்ற வேண்டும். பவர் பேக்கோ கன்ட்ரோல் பெட்டியோ மூழ்கியிருந்தால் மெக்கானிக் வரும்வரை தொடவே வேண்டாம். அடுத்த மழைக்குள் அந்தப் பெட்டியைப் படியின் மேல்மட்டத்துக்கு ஏற்றி வைக்கச் சொல்லுங்கள். ஹோஸ் கொஞ்சம் நீளமாகும், அவ்வளவுதான்.

## சத்தம்

கீச்சென்றால் பின்களில் கிரீஸ் காய்ந்துவிட்டது. கடகடவென்றால் எங்கோ போல்ட் தளர்ந்திருக்கிறது. ஏறும்போது பம்ப் சீறினால் ஆயில் குறைவு அல்லது ஆயிலில் காற்று. உலோகம் உடைவது போல ஒரே ஒரு "டங்" கேட்டால், அப்புறம் நன்றாகவே ஓடினாலும் நிறுத்திவிடுங்கள்.

அதிகம் ஓடாத லிஃப்ட்டில்தான் சத்தம் அதிகம். யாரும் வராத நாளிலும் காலையில் வாசல் திறந்ததும் காலியாக இரண்டு தடவை ஏற்றி இறக்குங்கள். சீல் காயாது, பேட்டரி விழித்திருக்கும், பழுது இருந்தால் ஆள் வரும் முன்பே தெரிந்துவிடும்.

## மெக்கானிக்கைக் கூப்பிடும்போது

"ஓடலை" என்று மட்டும் சொன்னால் நான் எல்லாப் பாகத்தையும் தூக்கிக்கொண்டு வர முடியாது. மேடை இப்போது எங்கே நிற்கிறது, எந்தத் திசையில் ஓடவில்லை, எந்த விளக்கு எரிகிறது, திரையில் எண் வருகிறதா, கடைசியாக மழையோ வாசல் வேலையோ எப்போது நடந்தது, இவற்றைச் சொல்லுங்கள். தகட்டைப் படம் எடுத்து அனுப்புங்கள். முக்கால்வாசி நேரம் சரியான பாகத்தோடு ஒரே நடையில் வேலை முடியும்.

அதுவரை மேடையைக் கீழே இறக்கி, மெயினை அணைத்து, இரண்டு கதவையும் பூட்டி அறிவிப்பு ஒட்டுங்கள். அதில் "பழுது" என்று மட்டும் எழுதாதீர்கள். எந்தப் பக்க வாசல் வழியாகப் படியில்லாமல் வரலாம், எந்த எண்ணைக் கூப்பிட்டால் யார் வந்து அழைத்துப் போவார், என்றைக்குச் சரியாகும் என்று மூன்றையும் பெரிய எழுத்தில் எழுதுங்கள். கீழே பட்டனுக்குப் பக்கத்தில், உட்கார்ந்திருப்பவர் கண்ணுக்கு நேராக, தரையிலிருந்து 110 சென்டிமீட்டர் உயரத்தில் ஒட்டுங்கள்.